"நிஜமாச் சொல்லும்மா" என்று மகள் கேட்கும்போது

வாசகியின் கடிதம்:

"எங்களுக்கு இரண்டு பிள்ளைகள். பெண்ணுக்கு எட்டு வயது, பையனுக்கு ஐந்து. ஒவ்வொரு ஆண்டும் டிசம்பர் 24 இரவு அவர்கள் தூங்கிய பிறகு நானும் கணவரும் பரிசுகளைக் கிறிஸ்துமஸ் மரத்தடியில் வைப்போம். விடிந்ததும் கிறிஸ்துமஸ் தாத்தா வந்துவிட்டுப் போனதாகச் சொல்லி எழுப்புவோம். போன முறை மகளுக்குத் தாத்தா பெயரில் சைக்கிள் வைத்தோம். அவளுடைய நெருங்கிய தோழிக்குத் தாத்தா கொடுத்தது ஒரு வண்ணப் பென்சில் பெட்டி. 'அவ என்னைவிட நல்ல பொண்ணும்மா. யாரையும் அடிக்க மாட்டா. அப்புறம் ஏன் அவளுக்கு மட்டும் சின்னது?' என்று பல நாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். 'அதெல்லாம் தாத்தாவுக்குத்தான் தெரியும்' என்று சமாளித்தேன். இப்போது அலமாரியின் மேல்தட்டில் போன ஆண்டுப் பரிசுத்தாளின் மிச்சத்தைப் பார்த்துவிட்டாள். நான் துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து உட்கார்ந்து, 'நிஜமாச் சொல்லும்மா, நீங்கதானே வைக்கிறீங்க?' என்றாள். 'நீ என்ன நினைக்கிற?' என்று கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டேன். அதற்குப் பிறகு அவள் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. பத்து வயது வரையாவது போகட்டும் என்கிறார் கணவர். இத்தனை வருடம் அம்மா பொய் சொன்னாள் என்று நினைத்துவிடுவாளோ என்று எனக்குப் பயம். தினமும் ஜெபம் செய்கிற பிள்ளை. நாளைக்குக் கடவுளும் இப்படித்தானா என்று கேட்டால் என்ன சொல்வது? சின்னவனை என்ன செய்வது?"

அன்புள்ள சகோதரிக்கு,

சொல்லிவிடுங்கள். டிசம்பர் 24 வரை தள்ளிப்போட வேண்டாம். இந்த வாரத்திலேயே, தம்பி பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, நீங்களே பேச்சை எடுங்கள். அவள் மறுபடி கேட்கட்டும் என்று இருந்தால், கேட்காமலே போய்விடலாம். கேள்வி கேட்டதும் அம்மா எழுந்து போனதைப் பார்த்த பிள்ளை, இது கேட்கக் கூடாத விஷயம் போலிருக்கிறது என்று தானாகவே முடிவு கட்டிவிடும். உங்கள் கடிதத்தில் எனக்குக் கவலை தந்த இடம் அவள் அந்தப் பேச்சையே விட்டுவிட்டாள் என்று எழுதியிருந்தீர்களே, அதுதான்.

"நீ என்ன நினைக்கிற?" என்று நீங்கள் கேட்டதில் தவறே இல்லை. முதல் பதிலாக அது நல்ல பதில். பிள்ளை எவ்வளவு தூரம் யோசித்திருக்கிறது, உண்மை தெரிய வேண்டும் என்று கேட்கிறதா, அல்லது "இருக்கிறார்" என்று ஒருமுறை காதால் கேட்டால் போதுமா என்பதெல்லாம் அதில் தெரிந்துவிடும். ஆனால் அப்படிக் கேட்டால் அங்கேயே உட்கார்ந்திருந்து அவள் சொல்வதைக் கேட்க வேண்டும்.

இந்த வயதுப் பிள்ளைகள் கேட்கும் கேள்விகளில் இரண்டு வகை உண்டு. "ஒரே ராத்திரியில எல்லா வீட்டுக்கும் எப்படிப் போவார்?", "கதவு பூட்டியிருந்தா எப்படி உள்ளே வருவார்?" என்பவை ஒரு வகை. 2015-இல் ஆண்ட்ரூ ஷ்டுல்மன், ரேச்சல் யூ என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் மூன்று முதல் ஒன்பது வயது வரையுள்ள பிள்ளைகளைக் கிறிஸ்துமஸ் தாத்தாவுக்குக் கடிதம் எழுதச் சொல்லி, அவர்கள் அவரிடம் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்தார்கள். உலகத்தில் எது நடக்கும், எது நடக்காது என்ற புரிதல் கூடிய பிள்ளைகளிடம்தான் 'எப்படி' என்ற கேள்விகள் அதிகம் வந்தன. நம்பிக்கை இன்னும் இருக்கும்போதே வரும் கேள்விகள் இவை. இவற்றுக்கு உடனே உண்மையை உடைத்துச் சொல்ல வேண்டியதில்லை. "நீயே யோசிச்சுச் சொல்லேன்" என்று கூடச் சேர்ந்து யோசிக்கலாம்.

உங்கள் மகள் கேட்டது மற்ற வகை. "நீங்கதானே வைக்கிறீங்க?" என்றால், அவள் விடையோடு வந்திருக்கிறாள். கூடவே "நிஜமாச் சொல்லும்மா" என்றும் சொல்லியிருக்கிறாள். அந்த இடத்துக்கு வந்த பிள்ளையிடம் இன்னொரு கதை சொன்னால், இத்தனை நாள் விளையாட்டாக இருந்தது அன்றிலிருந்து ஏமாற்றாகிவிடும். அதுவரை நீங்கள் செய்ததை நான் பொய் என்று சொல்லமாட்டேன். சின்னப் பிள்ளையோடு சேர்ந்து ஒரு கதைக்குள் வாழ்ந்தீர்கள், அவளும் அதில் சந்தோஷமாக இருந்தாள். அவள் நேராக உங்கள் முகத்தைப் பார்த்து உண்மை வேண்டும் என்று கேட்ட பிறகு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதுதான் இனி உங்கள் மீதான நம்பிக்கையைத் தீர்மானிக்கும்.

"இவ்வளவு புத்திசாலிப் பிள்ளை இத்தனை நாள் எப்படி நம்பினாள்?" என்றுகூடச் சில பெற்றோருக்குத் தோன்றும். நம்புவதற்கு அவளுக்கு நல்ல காரணங்கள் இருந்தன. கிருமியை அவள் பார்த்ததில்லை, பூமி சுற்றுவதையும் பார்த்ததில்லை. பெரியவர்கள் சொல்லி நம்புகிறாள். தாத்தாவையும் அதே பெரியவர்கள் சொன்னார்கள், போதாததற்குக் காலையில் பரிசும் கண்முன்னே இருந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் ஜாக்குலின் வூலியும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்து 2004-இல் வெளியிட்டார்கள். 'மிட்டாய் சூனியக்காரி' என்று ஒருத்தியைத் தாங்களாகவே கற்பனை செய்து, பிள்ளைகள் வீடு வீடாகப் போய் மிட்டாய் வாங்கிவரும் ஹாலோவீன் பண்டிகை இரவில் அவள் வந்து அந்த மிட்டாயை எடுத்துக்கொண்டு பொம்மை வைத்துவிட்டுப் போவாள் என்று மழலையர் பள்ளிப் பிள்ளைகளிடம் சொன்னார்கள். சிலரது வீட்டில் பெற்றோரே பொம்மையை வைத்தார்கள். அப்படி 'வந்து போன' வீடுகளில் நம்பிக்கை கூடியது. அந்தக் கூட்டத்திலும் சிறியவர்களைவிடக் கொஞ்சம் பெரிய பிள்ளைகள்தான் அதிகம் நம்பினார்கள். ஆதாரத்தை எடைபோடத் தெரிந்த பிள்ளை, கிடைத்த ஆதாரத்தை வைத்து நம்புகிறது. அதே புத்திதான் இரண்டு மூன்று வருடம் கழித்துப் பரிசுத்தாளைப் பார்த்ததும் வேறு முடிவுக்கு வருகிறது.

இனி உங்கள் பயத்துக்கு வருகிறேன். 1994-இல் கார்ல் ஆண்டர்சன், நார்மன் பிரென்டிஸ் என்ற இருவர், தாத்தா இல்லை என்று தெரிந்துகொண்ட 52 பிள்ளைகளிடம் பேசி ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பெரும்பாலும் ஏழு வயதுவாக்கில் பிள்ளைகள் தாங்களாகவே கண்டுபிடித்திருந்தார்கள். அவர்கள் சொன்ன உணர்வுகளில் நல்லவையே மிகுதி. அதே ஆய்வில் பெற்றோரிடம் கேட்டபோது, வருத்தம் அவர்களுக்குத்தான் அதிகமாக இருந்தது. உங்கள் கணவர் "பத்து வயது வரை" என்று கேட்பதை இந்த இடத்தில் வைத்துத்தான் நான் புரிந்துகொள்கிறேன். பிள்ளைகள் சின்னவர்களாக இருந்த காலம் கைவிட்டுப் போகிறதே என்ற வலி அது. அதைக் குறைவாக நினைக்காதீர்கள். ஆனால் அவர் கேட்கும் அவகாசத்தைக் கொடுக்க முடியாது. கேண்டிஸ் மில்ஸ் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் செய்த அண்மைக்கால ஆய்வு, பிள்ளைகளோடு பெரியவர்களிடமும் பழைய நினைவுகளைக் கேட்டது. வருத்தம் இருந்தவர்களில் பலருக்கும் அது சீக்கிரம் ஆறிவிட்டது. கசப்பு அதிகமாக நின்றது, வயது கூடிய பிறகு, திடீரென்று, வேறொருவர் சொல்லித் தெரிந்துகொண்டவர்களிடம். பத்து வயதுப் பிள்ளை வகுப்பில் எல்லார் முன்னாலும் "இருக்கார்" என்று வாதாடித் தலைகுனிந்து நிற்பதைவிட, எட்டு வயதில் அம்மா அப்பா வாயால் கேட்பது எவ்வளவோ மேல்.

ஆனால் என்னைக் கேட்டால், உங்கள் மகள் கேட்ட பெரிய கேள்வி இதுவே அல்ல. தோழியின் பென்சில் பெட்டியைப் பற்றிக் கேட்டாளே, அதுதான். அது இன்னும் பதில் இல்லாமல் கிடக்கிறது.

அவளுக்கு நாம் சொல்லிக்கொடுத்த விதி ஒன்றுதான். நல்ல பிள்ளைகளுக்குத் தாத்தா நல்ல பரிசு தருவார். அவள் அந்த விதியை எடுத்து, தன்னைவிட நல்லவள் என்று தான் மனதார நினைக்கும் ஒரு பிள்ளையோடு பொருத்திப் பார்த்தாள். பொருந்தவில்லை. எட்டு வயதில் நியாய உணர்வு மிகக் கூர்மையாக இருக்கும். தனக்கு அதிகம் கிடைத்ததைச் சும்மா வாங்கிக்கொண்டு போகாமல், அவளுக்கு ஏன் குறைவு என்று பல நாள் கேட்டிருக்கிறாள். இப்படிப்பட்ட பிள்ளையை வளர்த்திருக்கிறீர்கள். எனக்கு உங்கள் கடிதத்தில் மிகவும் பிடித்த வரிகள் அவை.

"தாத்தாவுக்குத்தான் தெரியும்" என்ற பதிலை வைத்துக்கொண்டு அவள் எங்கே போவாள்? தோழியிடம் நமக்குத் தெரியாத ஏதோ குறை இருக்கிறது என்று நினைக்கலாம். அல்லது, சைக்கிள் கிடைத்ததால் தான் ஒரு படி உசத்தி என்று நினைக்கலாம். இரண்டுமே ஒரு குழந்தை மனதில் தங்கக் கூடாத எண்ணங்கள். அந்தத் தோழியின் பக்கம் இருந்தும் பாருங்கள். அவளும் தாத்தாவை நம்புகிறவளாக இருந்தால், "நான் என்ன தப்பு செய்தேன்?" என்று ஓர் இரவாவது யோசித்திருப்பாள். கையில் பணம் குறைவாக இருக்கும் வீடுகளில் இந்தக் கதை இப்படித்தான் போய்க் குத்துகிறது.

ஆகவே உண்மையைச் சொல்லும்போது இதையும் சேர்த்தே சொல்லுங்கள். பரிசை வைப்பது அந்தந்த வீட்டு அம்மா அப்பா. சில வீட்டில் கையில் நிறையப் பணம் இருக்கும், சில வீட்டில் இருக்காது. பரிசின் அளவுக்கும் பிள்ளையின் குணத்துக்கும் சம்பந்தமே கிடையாது. தோழியிடம் எந்தக் குறையும் இல்லை. இதைக் கேட்கும்போது அவள் முகத்தில் வருத்தத்தைவிட நிம்மதி தெரிந்தால் ஆச்சரியப்படாதீர்கள். தோழியிடம் போய் இதைச் சொல்ல வேண்டாம், அதை அவளுடைய அம்மா அப்பாதான் சொல்ல வேண்டும் என்றும் அப்போதே சொல்லிவிடுங்கள்.

சொல்லும் விதம் எளிமையாக இருக்கட்டும். "அன்னைக்கு நீ கேட்டப்போ நான் எழுந்து போயிட்டேன். இப்ப சொல்றேன் கண்ணு. ஆமா, நானும் அப்பாவும்தான் வைக்கிறோம்." அவ்வளவுதான். சொல்லிவிட்டுக் கொஞ்சம் நேரம் பேசாமல் இருங்கள். அந்த அமைதியை நிரப்ப நமக்கு வாய் துடிக்கும், "ஆனா மனசுல நம்பினா இருக்கார்" என்று சேர்க்கத் தோன்றும். சேர்க்காதீர்கள். ஆமாம் என்றும் இல்லை என்றும் ஒரே மூச்சில் சொன்னால் அவள் மறுபடியும் குழம்பித்தான் நிற்பாள்.

1897-இல் இதே எட்டு வயதில் வர்ஜீனியா என்ற சிறுமி நியூயார்க் 'சன்' நாளிதழுக்கு உண்மையைக் கேட்டுக் கடிதம் எழுதினாள். இருக்கிறார் என்று அந்த நாளிதழ் செப்டம்பர் 21 அன்று எழுதிய தலையங்கம் இன்றுவரை புகழ்பெற்றது. அழகான எழுத்துதான், மறுக்கவில்லை. ஆனால் அது முகம் தெரியாத ஒரு குழந்தைக்குப் பத்திரிகை எழுதிய பதில். உங்கள் மகள் கேட்டது அம்மாவிடம்.

அவள் என்ன செய்வாள் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. "எனக்கு அப்பவே தெரியும்" என்று துள்ளலாம், அழலாம், இரண்டும் அடுத்தடுத்து நடக்கலாம். "அப்ப எனக்கு வந்த கடிதம்? நீதான் எழுதினியா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்கலாம். எல்லாவற்றுக்கும் நேராகப் பதில் சொல்லுங்கள், ஒன்றைக்கூட மிச்சம் வைக்காதீர்கள். "ஏம்மா பொய் சொன்னே?" என்று கோபப்பட்டால் உடனே நியாயப்படுத்த வேண்டாம். "கோபம் வருதா? வரட்டும். நீ காலையில எழுந்து சிரிக்கிறதைப் பார்க்க எங்களுக்கு ரொம்பப் பிடிச்சிருந்தது, அதான் செஞ்சோம். ஆனா நீ கேட்டன்னைக்கே சொல்லியிருக்கணும்" என்றால் போதும். ஓரிரு நாள் முகம் வாடியிருப்பது இயல்பு. வாரக் கணக்கில் தூக்கமோ சாப்பாடோ கெட்டு, அழுகை நிற்காமல் இருந்தால் மட்டும், இதற்கு வெளியே வேறு ஏதாவது அவளை வருத்துகிறதா என்று பாருங்கள்.

அழுகை ஓய்ந்த பிறகு அவளுக்குச் சொல்ல நிஜமான கதைகள் இருக்கின்றன. தாத்தாவுக்குப் பின்னால் உண்மையாகவே ஒருவர் இருந்தார். நான்காம் நூற்றாண்டில், இன்றைய துருக்கியின் தென்கரையில் இருந்த மைரா என்ற ஊரின் ஆயர் நிக்கோலஸ். அவர் வாழ்க்கையைப் பற்றி உறுதியாகத் தெரிந்தது மிகக் குறைவு. ஆனால் பணமில்லாமல் தவித்த ஒரு தகப்பனின் மூன்று பெண்களுக்காக, யாருக்கும் தெரியாமல் இரவில் அவர் பொன் முடிப்புகளை வீட்டுக்குள் போட்டுவிட்டுப் போனதாகக் காலங்காலமாகச் சொல்லி வருகிறார்கள். அவருடைய திருநாள் டிசம்பர் 6. நெதர்லாந்தில் 'சின்டர்கிளாஸ்' என்று டிசம்பர் 5 மாலையில் இன்றும் வருகிறார். அந்தப் பெயர்தான் அமெரிக்காவில் 'சான்டா கிளாஸ்' ஆனது. எட்டு மான் இழுக்கும் வண்டி 1823-இல் ஓர் அமெரிக்கச் செய்தித்தாளில் வந்த கவிதையால் பரவியது. குண்டு உடம்பும் தாடியுமாக இன்று நாம் பார்க்கும் உருவத்தில் பெரும்பங்கு, 1863 முதல் தாமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் வரைந்த படங்களுக்கு உண்டு. இத்தாலியில் ஜனவரி 6-க்கு முந்தைய இரவில் 'பெஃபானா' என்ற கிழவி பரிசு கொண்டுவருகிறாள். ஸ்பெயினில் மூன்று ராஜாக்கள். ரஷ்யாவில் 'பனித்தாத்தா' புத்தாண்டுக்குத் தன் பேத்தியோடு வருகிறார். பரிசுத்தாளை வைத்துத் துப்புத் துலக்கிய பெண்ணுக்கு இதெல்லாம் மிகவும் பிடிக்கும். உலகம் முழுக்கப் பெரியவர்கள் சேர்ந்து பிள்ளைகளுக்காக இந்த விளையாட்டை நடத்துகிறார்கள், அம்மா மட்டும் தனியாகத் தன்னை ஏமாற்றவில்லை என்பதும் அவளுக்குத் தானாகப் புரியும்.

கடவுள் கேள்வி வரலாம், வராமலும் போகலாம். வந்தால் பதறாதீர்கள். உங்களிடம் நேர்மையான பதில் இருக்கிறது. தாத்தாவை நீங்கள் ஒருநாளும் நம்பியதில்லை, அவளுக்காக நடத்தினீர்கள். கடவுளை நீங்களே நம்புகிறீர்கள். "தாத்தா நாங்க உனக்காக விளையாடினது. ஜெபம் நான் எனக்காகவும் செய்றது. நீ பார்க்காதப்பவும் செய்றேன்" என்று சொன்னால் அந்த வித்தியாசம் எட்டு வயதுக்கு எட்டும். அதற்கு மேலும் சந்தேகம் கேட்டால் கேட்கட்டும். "இப்படியெல்லாம் கேட்கக் கூடாது" என்ற ஒரு வாக்கியத்தை மட்டும் தவிர்த்துவிடுங்கள். கேட்டுக் கேட்டு வந்த நம்பிக்கை பிள்ளையிடம் தங்கும்.

சின்னவனுக்கு ஐந்து வயது, தாத்தா அவனுக்கு மும்முரமாக இருக்கும் பருவம். அவன் போக்கில் விடுங்கள். ஆனால் இரண்டு விஷயத்தை இந்த ஆண்டே மாற்றிவிடலாம். பெரிய பரிசுகள் அம்மா அப்பா பெயரில் வரட்டும். தாத்தா பெயரில் ஒரு சின்னப் பொருள் போதும். அப்புறம், "தாத்தா பார்த்துக்கிட்டே இருக்கார், அடம் பிடிச்சா பரிசு கிடையாது" என்ற மிரட்டல் வீட்டில் இருந்தால் இன்றோடு நிறுத்திவிடுங்கள். பென்சில் பெட்டிச் சிக்கல் மூன்று வருடம் கழித்து அவனிடமும் வராமல் இருக்க இது உதவும்.

அக்காவிடம் "தம்பிகிட்ட சொல்லிடாதே" என்று கட்டளையாகச் சொல்ல வேண்டாம். "அவனுக்கு இது இன்னும் விளையாட்டு. எங்களோடு சேர்ந்து நீயும் நடத்துறியா?" என்று கேளுங்கள். தாளைத் தேர்ந்தெடுப்பது, பொதிவது எல்லாம் அவள் கையில் வந்தால் பெருமையாகச் செய்வாள். ஒன்றை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். கொஞ்ச நாளில் எல்லாருக்கும் தெரியப்போகிற சந்தோஷமான ரகசியம் இது, இதைக் காக்கலாம். ஆனால் பெரியவர் யாராவது அம்மாவிடம் சொல்லாதே என்றோ, மனசுக்குச் சங்கடமான எதையோ மறைக்கச் சொன்னாலோ, அதை உடனே வந்து சொல்ல வேண்டும். பிள்ளைகளிடம் ரகசியம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் இந்தப் பாதுகாப்பையும் சேர்த்துச் சொல்வது அவசியம். தம்பி அவளிடமே வந்து கேட்டால் "அம்மாவைக் கேளு" என்று சொல்லிவிடட்டும், பொய் சொல்லும் வேலையை அவள் தலையில் கட்ட வேண்டாம். ஒருநாள் சண்டையில் அவள் வாய்தவறி உடைத்துவிட்டால் தண்டிக்காதீர்கள். அவனுக்கும் அவன் வயதுக்கேற்பச் சொல்லிக்கொள்ளலாம்.

மகளிடம் பேசும்போது கணவரும் கூட இருக்கட்டும். இரண்டு பேரும் சேர்ந்து செய்ததை இரண்டு பேரும் சேர்ந்து சொல்வதுதான் முறை. "அப்பா சொல்ல வேண்டாம்னார்" என்ற பேச்சு மட்டும் வேண்டாம். அவருக்கு வருத்தமாக இருந்தால் அதை அவளிடமே சொல்லலாம், அதில் தவறில்லை. டிசம்பர் 24 இரவு என்ன செய்வது என்பதை அவளையே கேளுங்கள். உங்களோடு விழித்திருந்து பரிசு வைக்க விரும்பலாம். தெரிந்த பிறகும், எப்போதும்போல் சீக்கிரம் தூங்கிக் காலையில் எழுந்து பார்க்கவே அவளுக்குப் பிடிக்கலாம், தாத்தாவுக்குக் கடிதம் எழுதுவேன் என்றுகூடச் சொல்லலாம். அப்படிச் சொன்னால் "உனக்குத்தான் தெரியுமே" என்று ஞாபகப்படுத்தாமல், கடிதத்தை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.